செங்கல்லுக்குள் ஒரு பூ

செங்கல்பட்டா, செங்கற்பட்டா? தமிழ் படித்த இருவர் அந்த ஊர்ப் பெயர்ப்பலகையின் முன் நின்றால் இந்தக் கேள்வி எழாமல் போகாது. லகர மெய்க்குப் பின் வல்லினம் வந்தால் அது றகரமாகத் திரியும். கல்லும் பலகையும் சேர்ந்து கற்பலகை ஆவது போல, செங்கல்லும் பட்டும் சேர்ந்தால் செங்கற்பட்டு என்பார் ஒருவர். மக்கள் வாயில் அது செங்கல்பட்டுதானே என்பார் மற்றவர். பழைய புத்தகங்கள் பலவற்றில் முதலாமவர் வென்றிருக்கிறார். ரயில் நிலையத்தில் இரண்டாமவர். இந்த ஊருக்கும் செங்கல்லுக்கும் என்ன உறவு என்பதை மட்டும் இருவருமே கேட்பதில்லை.

சிறப்பான உறவு எதுவும் கிடையாது. சூளைகள் சுற்றுவட்டாரத்தில் உண்டுதான். களிமண் கிடைக்கிற எந்த வட்டாரத்தில் அவை இல்லை? ஊரின் பழைய பெயர் செங்கழுநீர்ப்பட்டு. செங்கழுநீர் என்பது குளத்திலும் ஏரியிலும் பூக்கும் செந்நிற அல்லி. அது மண்டிக் கிடந்த நீர்நிலைகளால் ஊர் பெயர் பெற்றது. பெயர் நாவில் தேய்ந்து தேய்ந்து, நடுவில் இருந்த பூ உதிர்ந்து, மிஞ்சிய ஓசை செங்கல் என்ற பழகிய சொல்லில் போய் உட்கார்ந்துகொண்டது. பிறகு வந்த இலக்கணம், அங்கே இல்லாத கல்லுக்குப் புணர்ச்சி விதி பார்த்துச் செங்கற்பட்டு என்று திருத்தியது. திருத்தமானது என்று நாம் நம்பும் வடிவம்தான் பூவை விட்டு இன்னும் ஓரடி தள்ளிப் போன வடிவம். இது பிடிபட்ட நாளில் எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை.

ஒரு பூ எப்படிச் சொல்லுக்குள்ளிருந்து உதிரும்? நம் வாயையே கவனித்தால் போதும். நீர் என்ற சொல் வேறொரு சொல்லின் வாலாக வரும்போது பேச்சில் முழுதாக நிற்பதில்லை. தண்ணீர் ‘தண்ணி’ ஆகிறது, வெந்நீர் ‘வென்னி’ ஆகிறது. அரிசி கழுவிய கழுநீரை வீடுகளில் ‘கழனித் தண்ணி’ என்கிறார்கள். அடுத்தது ழகரம். சென்னையிலிருந்து செங்கல்பட்டு வரைக்குமான பேச்சில் அது நிலைக்காத எழுத்து: பழம் ‘பயம்’ ஆகும், கிழவி ‘கெயவி’ ஆவாள், வேறு வாய்களில் அதே ழகரம் ளகரமாகவும் லகரமாகவும் சாயும். செங்கழுநீர்ப்பட்டு ஆறு அசை ஓடுகிற பெயர். அதில் நடுவே நிற்பவை இந்த இரண்டு பலவீனமான இடங்களும்தான். சந்தைக்குப் போகிறவனும் வண்டி ஓட்டுகிறவனும் ஒரு நாளைக்கு எத்தனை முறை அதைச் சொல்வான்? நடு தேய்ந்துவிட்டது, முதலும் கடைசியும் தங்கிவிட்டன.

இன்னொரு காரணமும் உண்டு. கழுநீர் என்றதும் இன்று எந்தத் தமிழர் மனத்திலும் பூ தோன்றாது. மாட்டுக்கு வைக்கும் கழுநீர்ப் பானைதான் தோன்றும். ஒரே ஓசையில் இரண்டு சொற்கள் இருந்து, அன்றாட வாழ்க்கை ஒன்றைத் தினமும் பிடித்துக்கொண்டிருந்தால் மற்றது மங்கிவிடும். பூவை மறந்த வாய்க்கு ‘செங்கழுநீர்’ பொருளற்ற ஓசை. பொருளற்ற ஓசையை மனித மனம் நெடுநாள் சுமப்பதில்லை. அருகில் இருக்கும் தெரிந்த சொல் ஒன்றில் அதைப் பொருத்திவிடும். இதற்கு ‘மக்கள் சொற்பிறப்பு’ என்று பெயர் வைத்து 1852-இல் ஜெர்மன் மொழியில் கட்டுரை எழுதியவர் எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்டெமன். அவர் நூலகர், ஜெர்மன் ஊர்ப்பெயர்களைத் தொகுத்தவர். ஊர்ப்பெயர்களோடு வாழ்ந்தவர் கண்ணில் இது முதலில் பட்டதில் ஆச்சரியம் இல்லை. பெயரைப் போல் பொருள் மறந்த பிறகும் தினமும் சொல்லப்படுகிற சொல் வேறெது?

இதே நிகழ்ச்சியின் இன்னொரு சான்று கிழக்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டரில், கடலோரத்தில் நிற்கிறது. மாமல்லன் என்ற பட்டம் கொண்ட முதலாம் நரசிம்மவர்மனால் மாமல்லபுரம் என்று வழங்கிய ஊர், மல்லனை மறந்த வாய்களில் மாவலிபுரம் ஆயிற்று. மாவலி என்றதும் வாமனனும் மூவடி மண்ணும் நினைவுக்கு வர, அது மகாபலிபுரமாகி, மகாபலி ஆண்ட ஊர் என்ற கதையும் உடன் வந்து சேர்ந்தது. அரசனின் பெயராவது கல்வெட்டுகளின் துணையால் திரும்பி வந்துவிட்டது. பூவுக்குச் சாட்சி சொல்ல அத்தனை கற்கள் இல்லை.

பெயரின் கடைசியில் இருக்கும் ‘பட்டு’ வடதமிழ்நாட்டுக்குப் பழக்கமான விகுதி. சேத்துப்பட்டு, பள்ளிப்பட்டு என்று பல ஊர்கள். நிலப்பகுதியைக் குறிக்கும் ‘பற்று’ என்பாரும் உண்டு, சிற்றூரைக் குறிக்கும் ‘பட்டி’யோடு இணைப்பாரும் உண்டு. எப்படியானாலும் அது மண்ணைச் சொல்லும் பகுதி. நம் கேள்வி நீரைப் பற்றியது.

நீருக்குள் இறங்குவோம். செங்கழுநீரைப் பழைய நிகண்டுகள் செங்குவளையோடு சேர்த்துச் சொல்கின்றன. தாவரவியலார் சிவப்பு அல்லிக்கு நிம்ஃபேயா ரூப்ரா என்று பெயர் வைத்தார்கள். வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும் ஆம்பலின் ஒரு வகை அது என்று சிலரும், தனி இனம் என்று சிலரும் சொல்லி வந்திருக்கிறார்கள். நீலமாகப் பூக்கும் நிம்ஃபேயா நௌச்சாலி இவற்றுக்குப் பங்காளி. பழந்தமிழர் இந்த வேறுபாடுகளைக் கூர்ந்து பார்த்தவர்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் 99 பூக்களில் ஆம்பல், குவளை, நெய்தல், தாமரை நான்கும் தனித்தனியே இடம்பெறுகின்றன. பரிபாடலிலோ நெய்தல், குவளை, ஆம்பல் என்பவை பேரெண்களின் பெயர்கள். எண்ணி முடியாத அளவைச் சொல்ல நீர்ப்பூக்களின் பெயரை எடுத்தவர்கள், அந்தப் பூக்கள் எப்படி மண்டிக் கிடந்த நிலத்தில் வாழ்ந்திருக்க வேண்டும் என்று நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு.

தாமரையையும் அல்லியையும் ஒரே குடும்பம் என்று நினைப்பது இயல்பு. ஒரே குளம், ஒரே சேறு, ஏறக்குறைய ஒரே வடிவம். மரபணுக்கள் வேறு கதை சொல்கின்றன. தாமரைக்கு நெருங்கிய சொந்தம் காஷ்மீரத்துச் சினார் மரம். நீருக்குள் இறங்கிய அதன் வாழ்க்கைதான் அதற்கு அல்லியின் சாயலைக் கொடுத்திருக்கிறது. அல்லியின் கிளையோ மிகமிகப் பழையது. பூக்கும் தாவரங்களின் குலமரத்தில் முதலில் பிரிந்த கிளை நியூ கலிடோனியா தீவில் மட்டும் இருக்கும் ஆம்போரெல்லா என்ற செடி. அடுத்துப் பிரிந்தவை அல்லி வகையறா. 2020-இல் நேச்சர் இதழில் வெளியான நிம்ஃபேயா கலராட்டாவின் மரபணுத் தொகுப்பு இந்த வரிசைக்கு வலுச் சேர்த்தது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முந்தைய புதைபடிவங்களிலேயே அல்லிக் குலத்துப் பூக்கள் உண்டு. மாவும் பலாவும் ரோஜாவும் மல்லிகையும் அமைந்த பெருங்கிளைகள் எல்லாம் இந்தக் கிளைக்குப் பின்னால் பிரிந்தவை.

அதன் வாழ்க்கையைப் பாருங்கள். நீல அல்லி பகலில் விரியும். சிவப்பும் வெள்ளையும் மாலை மங்கும்போது விரிந்து, மறுநாள் முற்பகலில் மூடிக்கொள்ளும். ஒரே பூ மூன்று நான்கு நாள் இப்படித் திறந்து மூடும். இந்தப் பேரினத்துப் பூக்கள் முதல் முறை விரியும்போது பெண்ணாக இருக்கும். நடுவில் உள்ள சூலகக் கிண்ணத்தில் ஒரு திரவம் தேங்கி நிற்கும். வேறு பூவின் மகரந்தத்தைச் சுமந்து வரும் பூச்சி வழுக்கி அதில் விழுந்தால், உடலில் ஒட்டிய மகரந்தம் கழுவப்பட்டுச் சூல்முடியில் சேரும். பூச்சி சிலசமயம் அங்கேயே மூழ்கி இறந்தும் போகும். அடுத்த முறை விரியும்போது திரவம் வற்றியிருக்கும், மகரந்தப் பைகள் வெடித்திருக்கும், பூ ஆணாகியிருக்கும். தன் மகரந்தத்தில் தானே சூல் கொள்ளாமல் இருக்க ஒரு நாள் இடைவெளியை வேலியாக வைத்திருக்கிறது இந்தச் செடி. பிறகு காம்பு வளைந்து பூவை நீருக்குள் இழுத்துக்கொள்ளும். காய் முதிர்வது நீருக்கடியில். வெடித்து வெளிவரும் விதைகளைச் சுற்றிக் காற்றுப் பொதிந்த ஒரு சவ்வு இருக்கும். அதன் தயவில் அவை சில காலம் மிதந்து, ஏரியின் வேறொரு மூலைக்குப் போய், காற்று கசிந்ததும் சேற்றில் அமரும். அந்த விதைக்கு அல்லியரிசி என்று பெயர். அதைச் சமைத்து உண்ட காலம் உண்டு.

அல்லித்தண்டை இடமும் வலமுமாக ஒடித்து, நாரை மட்டும் விட்டு, பூவைப் பதக்கமாகத் தொங்கவிட்டுக் கழுத்தில் போட்டுக்கொள்ளாத கிராமத்துக் குழந்தைகள் குறைவு. அப்படி ஒடிக்கும்போது தண்டுக்குள் தேன்கூட்டைப் போல நீள்குழாய்கள் தெரியும். அவை காற்று வழிகள். சேற்றுக்குள் ஆக்சிஜன் மிகக் குறைவு. அங்கே புதைந்த கிழங்கு மூச்சுவிட மேலேயிருந்து காற்று வர வேண்டும். அல்லியின் நெருங்கிய உறவான மஞ்சள் நீரல்லியில் ஜான் டேசி என்ற ஆய்வாளர் 1980-இல் இதை அளந்து காட்டினார். வெயிலில் சூடாகும் இளம் இலைக்குள் காற்றழுத்தம் சற்றே கூடுகிறது. அந்த அழுத்தம் காற்றைக் காம்பு வழியாகக் கிழங்குக்குத் தள்ளுகிறது. அங்கிருந்து அது முதிர்ந்த இலைகளின் காம்பு வழியாக வெளியேறுகிறது, சேற்றின் மீத்தேனையும் உடன் எடுத்துக்கொண்டு. ஓர் இலை வழியாக ஒரு நாளைக்கு 22 லிட்டர் வரை காற்று இறங்கியதாக அவர் கணக்கிட்டார். அசையாத குளத்தில் அசையாமல் கிடப்பதாக நாம் நினைக்கும் செடிக்குள் ஒரு காற்று வீசிக்கொண்டிருக்கிறது.

ஏரியில் நீர் ஏறினால் காம்பும் நீள்வதை வள்ளுவர் 595ஆம் குறளில் ஊக்கத்துக்கு உவமையாக்கினார். அதன் காரணத்தை இன்று சொல்ல முடிகிறது. இலை நீருக்கடியில் போய்விட்டால், செடி தானே உண்டாக்கும் எத்திலீன் வாயு வெளியேற வழியின்றித் திசுக்களுக்குள்ளேயே தேங்கும். மிதக்கும் இலைகள் கொண்ட தாவரங்கள் பலவற்றில் அந்தத் தேக்கமே காம்பை விரைந்து நீளச் செய்யும் கட்டளை. இலை மேற்பரப்பைத் தொட்டதும் வாயு பறந்துவிடும், நீட்சி நிற்கும். நீரின் ஆழத்தைச் செடி இப்படித்தான் அளக்கிறது.

இப்போது செங்கல்பட்டின் நிலத்தைப் பாருங்கள். மலையடிவாரத்து ஊற்றாறுகள் இங்கே இல்லை. பாலாறும் ஆண்டில் பெரும்பகுதி மணல். வடகிழக்குப் பருவமழை கொட்டும் சில வாரங்களின் நீரைக் கரை கட்டித் தேக்கி ஆண்டு முழுதும் பயிர் வைத்த நாடு இது. ஏரி மாவட்டம் என்றே இதற்குப் பெயர். ஏரி அணைக்கட்டைப் போல ஆழமானதல்ல. மதகு இருக்கும் கரைப்பக்கம் ஆழமாகவும், எதிர்ப்பக்கம் மெல்ல மெல்ல மேடேறி வயல்வெளியில் கரைந்துபோவதாகவும் இருக்கும். இடுப்பளவு, மார்பளவு நீர், அசைவற்ற பரப்பு, அடியில் மழை கொண்டுவந்து சேர்த்த வண்டல்: அல்லி கேட்பது இதைத்தான். கோடையில் ஏரி வெடித்துக் காய்ந்தாலும் கிழங்கு சேற்றுக்கடியில் உறங்கி, ஐப்பசி மழையில் எழும். மனிதர் கட்டிய ஏரியும் பத்துக்கோடி ஆண்டுப் பழைமை கொண்ட செடியும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்திப்போயின. தாம்பரத்திலிருந்து ரயிலில் வருகிறவர் பரனூர் தாண்டியதும் இடப்பக்கச் சன்னலில் பார்க்கும் கொளவாய் ஏரி அந்தப் பொருத்தத்தின் பெரிய சாட்சி.

தொண்டை மண்டலத்தில் இப்படி ஏரிகளை வெட்டியவர்களில் பல்லவர்கள் முன்னால் நிற்கிறார்கள். மாமண்டூரின் சித்திரமேகத் தடாகம், கூரத்துச் செப்பேடு சொல்லும் பரமேசுவரத் தடாகம் என்று அவர்கள் ஏரிகளுக்குப் பெயரும் சூட்டினார்கள். அதே பல்லவர் செப்பேடுகளின் வரிப் பட்டியலில் என்னை நிறுத்திவைத்த ஒரு சொல் உண்டு: குவளை நடு வரி. குவளையை நட்டு வளர்க்க அரசுக்குக் கட்டணம்! குவளைக் காணம் என்று இன்னொன்றும் வருகிறது. பிற்காலச் சோழர் செப்பேடுகளில் பிராமணர்களுக்குக் கொடையாக விட்ட பிரமதேய ஊர்களுக்குத் தரும் உரிமைகளிடையே செங்கழுநீர் நடும் உரிமையும் எழுதப்பட்டிருக்கிறது. சுட்ட செங்கல்லால் மாளிகை எடுக்கவும் அப்படித்தான் அரசன் அனுமதி வேண்டியிருந்தது. செங்கல்லும் செங்கழுநீரும் ஒரே உரிமைப் பட்டியலில் அருகருகே வருவதைப் பார்க்கையில் இந்த ஊர்ப்பெயரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஒரு நீர்ப்பூ வரி கட்டும் அளவுக்கு ஏன் மதிப்புப் பெற்றது? கோயிலுக்குப் போகும் பூ அது. திருவாரூர் தியாகராசர் கோயிலில் செங்கழுநீர் சிறப்புக்குரிய மலர். அதற்கென்றே அங்கே செங்கழுநீர் ஓடை உண்டு. கோயிலும் குளமும் ஓடையும் ஒவ்வொன்றும் ஐந்து வேலி என்று அவ்வூர்க்காரர் பெருமையோடு சொல்வார்கள். மரத்தில் பறிக்கும் பூவுக்குத் தோட்டம் போதும். இந்தப் பூவுக்கு நீர்நிலை வேண்டும். நீர்நிலை ஊர்ப்பொதுச் சொத்து. பொதுநீரில் ஒருவர் பூப்பயிர் வைக்கிறார் என்றால் அங்கே உரிமையும் கட்டணமும் எழுவது இயல்புதான். எனவே செங்கழுநீர்ப்பட்டு என்ற பெயரைக் கேட்கும்போது, தானாய் முளைத்த காட்டுப் பூவை மட்டும் நினைக்க எனக்குத் தோன்றவில்லை. நட்டு, காத்து, விடியலில் இடுப்பளவு நீரில் இறங்கிப் பறித்து, கூடையில் சுமந்து போன கைகளும் அந்தப் பெயருக்குள் இருந்திருக்கலாம்.

அல்லியின் பெயர் தாங்கிய ஊர் இது ஒன்றுதானா? வடக்கே திருவல்லிக்கேணி, அல்லி பூத்த கேணி என்று அதன் பொருள் வெளிப்படையாகவே தெரிகிறது. பார்த்தசாரதி கோயில் குளத்தின் பெயரான கைரவிணியும் வடமொழியில் அல்லிக்குளம்தான். டிரிப்ளிகேன் என்று ஆங்கிலத்தில் எழுதியபோது அந்த அல்லி போனது. தமிழ்ப் பெயர் உயிரோடு இருந்ததால் திரும்பிவந்தது. கிழக்கே கடற்கரை முழுவதுமே ஒரு நீர்ப்பூவின் பெயரில்தான் இருக்கிறது. மாமல்லபுரத்து மணலையும் கோவளத்துக் கழிமுகத்தையும் சங்க இலக்கணம் எந்தத் திணையில் வைக்கும்? நெய்தல். கடலின் பெயரையோ மீனின் பெயரையோ வைக்காமல், உப்பங்கழியை அடுத்த நன்னீரில் பூக்கும் ஒரு பூவின் பெயரை வைத்தார்கள். மாவட்டத்தில் வேறு செடிகளும் ஊராகியிருக்கின்றன: நாவலூர், பனையூர், தாழம்பூர், நெல்லிக்குப்பம், ஈச்சங்கரணை. பழைய மாமல்லபுரம் சாலையில் கணினி நிறுவனக் கட்டடங்களுக்கு இடையே பேருந்து நடத்துனர் நாவலூர் என்று கூவும்போது, ஒரு காட்டின் மரப்பட்டியலை அவர் வாசிக்கிறார்.

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே இருக்கும் திருக்கழுக்குன்றத்தில் பெயர் தேயவே இல்லை. பெயருக்கு உரியவர்தான் போய்விட்டார். கழுகுகளின் குன்று. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம் ஆகையால் பெயருக்கு வயது ஆயிரத்து முந்நூறுக்கும் குறையாது. நண்பகலில் இரண்டு வெண்கழுகுகள் மலைமேல் வந்திறங்கி அர்ச்சகர் தரும் பொங்கலை உண்டு போவதைக் காண ஊர் ஊராக மக்கள் வந்தார்கள். எகிப்தியப் பிணந்தின்னிக் கழுகு, தமிழில் மஞ்சள் முகப் பாறு என்ற இனம் அது. 1990களின் பிற்பகுதியோடு அவை வருவது நின்றுபோனது. அந்த ஆண்டுகளில்தான் இந்தியா முழுதும் பாறுகள் கூட்டம் கூட்டமாக மாண்டன. மாடுகளுக்கு வலிநீக்கியாகப் போட்ட டைக்ளோஃபினாக், இறந்த மாட்டின் உடலில் எஞ்சி, அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தை அழித்தது என்பது 2004-இல் தெளிவாயிற்று. 2006-இல் இந்தியா அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. எகிப்தியப் பாறும் அந்தச் சரிவில் தப்பவில்லை. 2007 முதல் அது உலக அளவில் அழியும் நிலையில் உள்ள இனம். இன்றும் படியேறுகிறவர்கள் உச்சி வேளையில் ஒரு கணம் வானத்தைப் பார்க்கிறார்கள். அந்தப் பெயர் அவர்களைப் பார்க்கச் சொல்கிறது.

பூவின் கதையைப் போலவே இன்னொன்று உலகின் மறுபக்கத்தில் நடந்திருக்கிறது. மிச்சிகன் ஏரிக்கரையில் வாழ்ந்த பழங்குடியினரின் மயாமி-இல்லினாய் மொழியில் ‘ஷிக்காக்வா’ என்று ஒரு செடிக்குப் பெயர். அந்தச் செடி மிகுந்த ஆற்றங்கரைக்கும் அதே பெயர். பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தங்கள் காதுக்கு எட்டியபடி எழுதினார்கள், அதுவே சிகாகோ. செடி எது என்பது குழம்பிப்போய், காட்டு வெங்காயம் என்றே நெடுநாள் சொல்லிவந்தார்கள். 1687-இல் அவ்வழியே சென்ற ஆன்ரி ழூத்தெல் என்ற பிரெஞ்சுக்காரர் தன் நாட்குறிப்பில், அங்கே காட்டில் மண்டிய பூண்டால்தான் இடத்துக்குப் பெயர் என்று எழுதி, செடியையும் விவரித்திருந்தார். அந்த விவரிப்பைத் தாவரவியல் கண்ணோடு படித்த ஜான் ஸ்வென்சன் 1991-இல், மரநிழலில் அகல இலையோடு வளரும் காட்டுப்பூண்டு வகையான அல்லியம் டிரைகோக்கமே அது என்று நிறுவினார். ஒரு மாநகரம் தன் பெயரின் செடியை அறிய ஒரு நாட்குறிப்பின் சில வரிகள் போதுமாயிருந்தன.

செங்கல்பட்டிலும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் எழுதினார்கள். 1752-இல் ராபர்ட் கிளைவ் பிரெஞ்சுக்காரரிடமிருந்து இந்த ஊர்க் கோட்டையைக் கைப்பற்றினார்; 1763-இல் ஆற்காட்டு நவாப் இந்த வட்டாரத்தை ஜாகீராகக் கம்பெனிக்குக் கொடுத்தார்; 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தார். நிலத்தையும் நீரையும் குடியையும் எண்ணிய அந்த ஏடுகளின் காலத்தில் ஊரின் பெயர் சிங்கிள்புட் ஆகிவிட்டிருந்தது. ஆங்கிலக் காதில் பூவும் இல்லை, கல்லும் இல்லை. இருநூறு ஆண்டுகள் தபால் முத்திரையிலும் மாவட்டப் பெயரிலும் அந்த ஓசைதான் உலாவியது.

ஆனால் நமக்கு இன்னொரு ஏடு இருக்கிறது, ஏரியின் அடியில். அல்லியின் இலைக்குள்ளும் தண்டின் காற்றுக்குழாய்களுக்குள்ளும் நட்சத்திர வடிவில் கிளைத்த உயிரணுக்கள் உண்டு. மேலே நுண்ணிய கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் பதிந்து, முள்ளைப் போல் கெட்டிப்பட்டவை. மெத்தென்ற தண்டு மடங்கி ஒட்டிவிடாமல் தாங்கும் உத்தரங்கள் அவை. இலை அழுகி மறைந்த பின்பும் அந்த நட்சத்திரங்கள் எளிதில் அழிவதில்லை. ஏரிச் சேற்றில் மகரந்தத் தூளோடு அடுக்கடுக்காய்த் தங்கிவிடும். ஏரிப்படிவுகளை ஆராய்கிறவர்கள் குழாயை இறக்கிச் சேற்றைத் தூணாக எடுத்து, விரலளவு விரலளவாக வெட்டி, அமிலத்தில் கழுவி நுண்ணோக்கியில் வைக்கும்போது இந்த நட்சத்திரங்களை வைத்தே இங்கே அல்லி இருந்தது என்று சொல்வார்கள். படிவின் கரிமக் காலக்கணிப்பு அது எந்த நூற்றாண்டு என்பதைச் சொல்லும். தமிழ்நாட்டு ஏரி ஒன்றில் தூர்வாரும் இயந்திரம் ஒரு நாளில் அள்ளி லாரியில் ஏற்றும் வண்டலில் இப்படி எத்தனை நூற்றாண்டுகள் இருக்கும் என்று நினைக்கும்போது எனக்குப் பதறுகிறது. தூர்வாரத்தான் வேண்டும், நீர் வேண்டும். அதற்கு முன் ஒரே ஒரு சேற்றுத்தூணையாவது எடுத்து வைக்கலாமே என்பதுதான் என் ஆசை.

அந்தச் சேற்றின் மேலடுக்கில் வேறொரு செடியின் கையெழுத்தும் இருக்கும். அமேசான் படுகையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குள் வந்த ஆகாயத்தாமரை, வேரைச் சேற்றில் ஊன்றாமல் மிதந்தபடியே பரவி, இம்மாவட்டத்து ஏரிகள் பலவற்றின் முகத்தை மூடியிருக்கிறது. அதன் பாய்க்கு அடியில் வெளிச்சம் இறங்காது. கிழங்கிலிருந்து எழும் அல்லியின் இளம் இலை மேலே வர வெளிச்சமும் வேண்டும், இடமும் வேண்டும். தாமரையும் அல்லாத, ஆகாயத்துக்கும் உறவில்லாத அந்தச் செடிக்கு நாம் எத்தனை அழகான பெயர் வைத்துவிட்டோம்!

2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டைத் தலைநகராகக் கொண்டு புது மாவட்டம் பிறந்தது. மாவட்டத்தின் அறிமுகக் குறிப்புகளிலும் செங்கழுநீர்ப் பூவின் பெயர் ஊர்ப்பெயருக்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. சென்ற ஐப்பசியில் அந்தப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் ஏரிக்கரையில், கலங்கல் வழிந்து ஓடிய மறுவாரம், மாலை ஆறு மணிக்கு நின்றிருந்தேன். ஆழம் குறைந்த மேட்டுப்பக்கத்தில், ஆகாயத்தாமரை எட்டாத ஓர் ஓரத்தில், செம்பழுப்பு நிறத்தில் பத்துப் பதினைந்து வட்ட இலைகள் கிடந்தன. நடுவே கூம்பிய மொட்டுகள் நான்கு. மாடு ஓட்டி வந்த பெரியவரிடம், “ஐயா, இது என்ன பூ?” என்று கேட்டேன். “அல்லிங்க. செவப்பல்லி,” என்றார். “செங்கழுநீர்னு சொல்வாங்களா?” அவர் சிறிது யோசித்தார். “கழனித் தண்ணி தெரியும். பூவுக்கு அப்படிச் சொல்லிக் கேட்டதில்ல.” மாடுகள் நீரில் இறங்கிக் குடித்தன. இருட்டத் தொடங்கியதும் நான்கில் ஒரு மொட்டு, முதலில் ஓர் இதழும் பிறகு மற்றொன்றுமாக, விரிய ஆரம்பித்தது.